மின்னல் உருக்கிய மணல்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில், புதிதாகத் தைத்து வாங்கிய சட்டைகளுக்கு அடியில் வைக்கப்போகிறேன். செவ்வாய்க்கிழமை நீ ரயிலேறி, எங்கோ வடக்கே போய், மாற்றுச் சட்டை எடுக்கக் கையை விடும்போது இது அகப்படட்டும். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். பதின்மூன்று வருஷமாக நேரில் சொல்லப் பார்த்துத் தோற்றவள் நான். நாற்பது பெண்களுக்கு முன்னால் நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாய்க்கு, வீட்டுக்குள் இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வரவில்லை. உன் அப்பா உனக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்தார், பாலைவனத்தில் குளிரும் வெயிலும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை என்று எச்சரித்தார். என் பங்குக்கு நான் கொடுப்பது இதுதான்.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்தபடியே நீ ஒன்று சொன்னாய். ஜியாலஜி படிக்க ஏன் ஆசைப்பட்டாய் என்று அங்கே உன்னைக் கேட்டார்களாம். நான் சின்னவனாக இருந்தபோது என் அம்மா கொள்ளிடத்து மணலிலிருந்து மின்னல் செய்த கண்ணாடியைத் தோண்டி எடுத்துவந்து, பஞ்சு வைத்த பெட்டியில் காட்டினாள், அன்றைக்குப் பிடித்த ஆசை என்று சொன்னாயாம். அவர்கள் அசந்துபோனார்களாம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அரிசி வேகவில்லை என்று எதையோ சொல்லி எழுந்துபோனேன். அந்தக் கண்ணாடி எங்கேம்மா என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கும்போது நீ கேட்டபோது, கை தவறி உடைந்துவிட்டது என்றேன் அல்லவா? அது உடையவில்லை. உன்னிடம் சொன்னதும் பொய். அதற்கு முன்னால் சொன்ன வேறு இரண்டு பொய்களை மூடி மறைக்கச் சொன்னது.

அப்போது உனக்கு ஒன்பது வயது. நாம் பாலக்கரையில் குடியிருந்தோம். நான் தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கு வேலைக்குப் போய்வருவேன். அறிவியல் டீச்சர் என்று பெயர். ஒரு அலமாரி, அதில் ஒரு காந்தம், மூன்று சோதனைக் குழாய்கள், பூச்சி அரித்த ஒரு பூகோள உருண்டை, இவ்வளவுதான் என் ராஜ்யம். ஆனாலும் எனக்குள் ஒரு வேகம் இருந்தது. நூலகத்தில் இருந்து வாரம் ஒரு புத்தகம் எடுத்துவந்து படிப்பேன். அப்படிப் படித்த ஒன்றில்தான், கண்ணாடி என்பது மனிதன் உலை மூட்டிச் செய்வது மட்டும் இல்லை என்று தெரிந்தது. அதுவரை வகுப்பில் நான் நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

உனக்கு இப்போது என்னைவிட அதிகம் தெரியும். ஆனால் நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதே சொற்களைத்தான் பிறகு இன்னொருத்தியிடமும் சொன்னேன். சர்க்கரைப் பாகை அப்படியே வைத்து, நூலைத் தொங்கவிட்டுப் பல நாள் காத்திருந்தால் பட்டை பட்டையாகக் கற்கண்டு கட்டும். அதே பாகை முற்றக் காய்ச்சிக் குளிர்ந்த தண்ணீரில் சொட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் இறுகி, பளபளப்பாக, தட்டினால் நொறுங்குவதாக ஆகிவிடும். கல்லும் அப்படித்தான். மலைக்கோட்டைப் பாறை பூமிக்குள் மெல்ல மெல்ல இறுகியது. அதனால் உள்ளே மணிமணியாக இருக்கிறது. உருகிய கல் வரிசையாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் சட்டென்று ஆறினால் அது கண்ணாடி. எரிமலைக் குழம்பு அப்படி ஆறிக் கறுப்புக் கண்ணாடி ஆகிறது. ஆதி மனிதர்கள் அதில் கத்தி செய்தார்கள். ஆப்பிரிக்காவில் மனித நடமாட்டமே இல்லாத ஒரு பாலைவனத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த கண்ணாடிக் கட்டிகள் மணல்மேல் சிதறிக் கிடக்கின்றனவாம். வானத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று அந்த மணலை உருக்கியிருக்க வேண்டும் என்றார்கள். கீழ்க்கடல் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும் பொத்தான் போன்ற கறுப்புத் துண்டுகள் சந்திரனிலிருந்தே தெறித்து வந்தவை என்றுகூடச் சிலர் வாதாடினார்கள். இதெல்லாம் நமக்கு எட்டாதவை. கடைசியாக ஒன்று எழுதியிருந்தது: காய்ந்த மணலில் மின்னல் இறங்கினால், அது போன வழியெல்லாம் மணல் உருகி, வேர் போல ஒரு கண்ணாடிக் குழாய் உண்டாகும். நம் ஊரில் எரிமலை இல்லை. மணல் இருக்கிறது, கோடை இடியும் இருக்கிறது.

அந்தச் சித்திரையில், ஆண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல், நான் எட்டாம் வகுப்பில் மேற்பார்வைக்கு நின்றிருந்தேன். எங்கள் பள்ளியின் வடக்கு ஜன்னலில் நின்றால் தென்னந்தோப்புக்கு அப்பால் கொள்ளிடத்து மணல் வெள்ளையாகத் தெரியும். திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. அப்போது ஒரே ஒரு மின்னல், நேராக ஆற்று மணலில் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த கணம் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பெண்கள் பேனாவைப் போட்டுவிட்டு அர்ஜுனா அர்ஜுனா என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இருந்தது. எந்தத் தென்னைக்கு நேராக விழுந்தது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பள்ளி ஆயா சொன்னாள், ஆற்றில் வெள்ளரி போட்டிருந்த செல்லமுத்து என்கிற ஆள் இடி விழுந்து இறந்துபோனான் என்று. கோடையில் ஆறு வற்றியதும் மணலில் ஊற்றுத் தோண்டி, குடத்தால் மொண்டு ஊற்றி, வெள்ளரியும் தர்பூசணியும் பயிர் செய்கிறவர்களில் ஒருவன். மழை வருகிறதே என்று மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்து நடந்திருக்கிறான். சுற்றிலும் ஒரு பர்லாங்கு தூரத்துக்கு அவன் உயரத்துக்கு எதுவும் இல்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்களாம். ஐயோ பாவம் என்றேன். சொல்லும்போதே, அவன் நின்ற இடத்தில்தான் அது இருக்கும் என்று புத்தி கணக்குப் போட்டது.

நான்கு நாள் பொறுத்தேன். பொறுத்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. பரீட்சை முடிய நான்கு நாள் ஆயிற்று. இன்னொரு மழை பெய்தால் இடம் தெரியாமல் போகும், மணல் வண்டிக்காரர்கள் வந்தால் நொறுங்கிப் போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உன்னை விடுமுறைக்கு முசிறியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தோம். ஒரு துணிப் பை, ஒரு கரண்டி, சுண்ணாம்பு அடிக்கும் பழைய தூரிகை, இவற்றை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் ஆற்றில் இறங்கினேன். இடத்தைத் தேட வேண்டியதே இல்லை. வெள்ளரிப் பாத்தியை ஒட்டி ஒரு செங்கல் நட்டு, வேப்பிலைக் கொத்து வைத்து, அகல் ஏற்றியிருந்தார்கள். அது அணைந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் அகலை இரண்டு கையாலும் பத்திரமாக எடுத்துத் தள்ளி வைத்தேன். பத்திரமாக எடுத்து வைத்ததால் தப்பில்லை என்று அப்போது தோன்றியது.

ஒரு முழ ஆழத்தில் கிடைத்தது. விரல் பருமனில் ஒரு குழாய். வெளியே சொரசொரப்பாக மணல் ஒட்டி, கருணைக்கிழங்கின் தோலைப் போல அசிங்கமாக இருந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் சங்கின் உட்புறம் மாதிரி வழவழவென்று மினுங்கியது. எடுக்கும்போதே மூன்று துண்டாகிவிட்டது. சேர்த்து வைத்தால் என் முழங்கை அளவு. இரும்பு உருகும் சூட்டைவிட அதிகச் சூட்டில், ஒரு இமைப்பொழுதில் ஆன காரியம். நான் மணலில் முழந்தாளிட்டு உட்கார்ந்து அழுதேன் என்றால் நம்புவாயா? அந்த மனிதனுக்காக அழவில்லை. அழகுக்காக அழுதேன்.

பையில் துணி சுற்றி வைத்துக்கொண்டு, குழியைக் காலால் தள்ளி மூடி, அகலைப் பழையபடி வைத்துவிட்டுக் கரையேறும்போது எதிரே ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு செம்பு. வெறும் நெற்றி. யாரென்று சொல்லத் தேவையில்லை. அவள் பெயர் பழனியம்மாள் என்று பிற்பாடு தெரிந்தது. என் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"என்னங்க தோண்டினீங்க?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்து டீச்சர், பாடத்துக்காக மண் பார்க்க வந்தேன் என்றேன். அவள் சற்றுத் தயங்கி, இடி விழுந்த இடத்தில் மண்ணுக்குள் ஏதோ இருக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள், அது தனக்கு வேண்டும், நான் ஏதும் பார்த்தேனா என்று கேட்டாள். என் பை என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

"ஒண்ணும் இல்லம்மா. வெறும் மணல்தான்."

அவள் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் கரைமேல் ஏறித் திரும்பிப் பார்த்தேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையாலும் மணலை வாரி வாரித் தோண்டிக்கொண்டிருந்தாள். நான் மூடிய அதே குழி. கூப்பிட்டுச் சொல்ல முப்பது அடி தூரம்கூட இல்லை. நான் நடந்து வந்துவிட்டேன், மகனே. பஸ் வந்தது, ஏறினேன், உட்கார இடமும் கிடைத்தது.

உன் அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்த வீட்டுக்காரங்கள கேட்டுட்டுத்தானே எடுத்தே?" என்றார். ஆமாம் என்றேன். அது இரண்டாவது பொய். அடுத்த ஞாயிறு மாதா கோவிலில், பூசைக்கு முன் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில், பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் சொன்னேன்; யாரிடம், எதற்கு என்று சொல்லவில்லை. பரிகாரமாக மாதாவை நோக்கி மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். கோவிலை விட்டு வெளியே வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

பள்ளி திறந்ததும் ஆடி மாதத்தில் பொருட்காட்சி வைத்தோம். பஞ்சு வைத்த பெட்டியில் மூன்று துண்டையும் வைத்து, 'மின்னல் செய்த கண்ணாடி' என்று அட்டை எழுதினேன். நீ முதல் நாள் அப்பாவோடு வந்து மூக்கை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாய். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்து, இதைக் கல்லூரிக் காட்சிச் சாலைக்குக் கொடுங்கள், இதைப்பற்றி நாம் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாம் என்றார். ஒரு பெண்கள் பள்ளி டீச்சரை யார் அப்படி மதித்துப் பேசினார்கள் அதுவரை? அன்றைக்கு நான் நடந்தது தரையில் இல்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் பார்க்க வந்தவர்களின் வரிசையில் பழனியம்மாள் நின்றாள். வெள்ளரிக்காலம் முடிந்து, எங்கள் பள்ளி வாசலில் கொய்யாப்பழம் விற்க உட்கார்ந்திருந்தவள் அவள்தான் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வாசலில் பழம் வாங்கிய பெண்கள், எங்க டீச்சர் ஆத்துல இடி விழுந்த எடத்துல தோண்டிக் கண்ணாடி எடுத்திருக்காங்க என்று பேசிக்கொண்டதைக் கேட்டு உள்ளே வந்திருக்கிறாள். தன் முறை வந்ததும் மேஜைக்கு முன்னால் நின்று பார்த்தாள். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். எல்லோரும் போகும்வரை, ஒரு மணி நேரம் இருக்கும், அப்படியே நின்றாள். நான் வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். என்ன விளக்கினேன் என்று எனக்கே தெரியாது.

அறை காலியானதும் பக்கத்தில் வந்தாள். "அன்னிக்கி ஒண்ணும் இல்லேன்னு சொன்னீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அன்று பொழுது சாயும்வரை தோண்டினாளாம். மறுநாளும் வந்து தோண்டினாளாம். விரல்நுனியெல்லாம் புண்ணாகி, அந்தக் கையோடுதான் கருமாதிக்குச் சமைத்தாளாம். அதற்குப் பிறகு அவள் சொன்னதை அவள் வாயால் வந்தபடியே எழுதுகிறேன்.

"நான்தாங்க சொன்னேன். அன்னிக்கிக் காலைல ரெண்டு பேருக்கும் சண்டை. ஒன் தலையில இடி விழன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லாம மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. யாருக்கும் தெரியாது, டீச்சர். என் வாயிலேருந்து விழுந்தது எப்பிடி இருக்கும்னு பாக்கணும்னுதான் தோண்டினேன்."

நம் ஊரில் தாய்மார்கள் ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்லும் வசவு அது. குழம்பு அடிப்பிடித்தால் சொல்வார்கள், மாடு கயிற்றை அறுத்தால் சொல்வார்கள். ஆயிரம் பேர் சொல்லி ஒருத்திக்குப் பலித்துவிட்டது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் உலவியிருக்கிறாள். நான் அன்று கரையில் உண்மையைச் சொல்லி, பையைத் திறந்து காட்டி, கூட உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று மாதம் அவளுக்குத் தனியாகக் கழிந்திருக்காது.

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். பாகும் கற்கண்டும் சொன்னேன். வெட்டவெளியில் உயரமாக இருப்பதைத்தான் மின்னல் தேடும், தோளில் மண்வெட்டி வேறு, பனைமரம் நின்றிருந்தால் அதில் விழுந்திருக்கும் என்றேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார் என்றேன். மின்னல் முதலில் வந்துவிடும், சத்தம் பிறகுதான் வரும், இந்தக் கண்ணாடி ஆக எடுத்த நேரம்கூட அவருக்கு இருந்திருக்காது. மறுபடி அதையே கேட்டாள். மறுபடி சொன்னேன். அப்போதுதான் அழுதாள். கடைசியாக, ஆளே இல்லாத பாலைவனத்தில்கூட வானம் இப்படி மணலை உருக்கியிருக்கிறது, அங்கே யார் யாரைத் திட்டினார்கள் என்று கேட்டேன். நல்ல வாதம் என்றுதான் நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பாலைவனம்னாலும் யாராச்சும் நடந்து போயிருப்பாங்கல்ல, டீச்சர். மனுசக் கால் பட்ட எடத்துல வாயும் இருந்திருக்கும்" என்றாள்.

பெட்டியை அவளிடம் நீட்டினேன். பெட்டி வேண்டாம் என்று மூன்று துண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். தலைமை ஆசிரியையிடம் உரியவர்கள் வந்து வாங்கிப் போய்விட்டார்கள் என்றேன். பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் போடவில்லை. என்னை ரொம்ப உத்தமி என்று எண்ணிவிடாதே. கொடுத்திருக்க வேண்டாமோ, ஒரு துண்டையாவது கேட்டு வைத்துக்கொண்டிருக்கலாமோ என்று ஆறு மாதம் உள்ளுக்குள் புழுங்கினேன். மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் எங்காவது மணலில் விழாதா என்று கண் போகிறது. உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னது இந்த வாரம்தான். அவர் என்னைத் திட்டவில்லை. தெரியும் என்றார். எப்படி என்று கேட்டேன்; அன்னிக்கி நீ ஆமான்னு சொன்ன வேகத்துலயே தெரியும் என்றார். பதின்மூன்று வருஷம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார்.

பழனியம்மாள் பள்ளி வாசலில் தொடர்ந்து பழம் விற்றாள். நான் வாங்குவேன், பிள்ளைகள் சௌக்கியமா என்பேன், சௌக்கியம்ங்க என்பாள். அதைப்பற்றி இருவரும் பேசியதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். மற்ற விற்பனைக்காரிகள் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருக்கும் இடத்தில் அவள் ஒரு சொல் உரக்கச் சொல்லமாட்டாள். ஆடு வந்து கூடையில் வாய் வைத்தாலும் கையால்தான் தள்ளுவாள். அவள் பெரிய மகன் படிப்பை விட்டுவிட்டு ஊர் சுற்றினான். அவனைக்கூட அதட்டவில்லை என்று அக்கம்பக்கத்தில் குறை சொன்னார்கள். ஏன் அதட்டவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். சந்திரனில் இறங்கியவர்கள் அங்கிருந்து மண் கொண்டுவந்ததும், வீடு வீடாக அதே பேச்சாக இருந்ததும் உனக்குத் தெரியும். சில வாரம் கழித்துப் பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. அந்த மண்ணைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், உள்ளே எண்ணி முடியாத கண்ணாடி மணிகள். கடுகைவிடச் சின்னது, உருண்டையாக, சில பழுப்பு, சில பச்சை. வானத்திலிருந்து கல் வந்து மோதும் வேகத்தில் தரை உருகித் தெறித்து, விழுவதற்குள் ஆறிக் கண்ணாடி ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்தது. நான் பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்று அரைநாள் லீவு போட்டேன்.

அவள் வீடு கொள்ளிடக் கரையை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறது. அதுவரை போனதில்லை. வாசலில் கீற்று முடைந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது, என் தலையும்தான். வாங்க டீச்சர் என்று மணையை எடுத்துப் போட்டாள். நான் சுற்றி வளைக்கவில்லை. சந்திரனிலிருந்து மண் எடுத்து வந்தார்களே, அதில் கண்ணாடி இருக்கிறதாம் என்றேன். அவள் கை நின்றது.

"அங்க இடி இடிக்குமாங்க?"

"இல்ல. மழை கெடையாது, மேகம் கெடையாது. காத்துகூட இல்ல. வானத்துலேருந்து கல்லு வந்து விழுமாம். அதுல உருகினது."

"ஆளுங்க?"

"ஒருத்தரும் இல்ல, பழனியம்மா. இவங்க ரெண்டு பேரு எறங்கறதுக்கு முன்னால ஒரு காலடிகூட அங்க பட்டதில்ல."

அவள் மறுபடி முடைய ஆரம்பித்தாள். ஓலையை மடக்கி, கீழே விட்டு, மேலே எடுத்து, ஒரு வரிசை முடித்தாள்.

"அப்ப அது தானா விழறதுங்க" என்றாள். ஆமாம் என்றேன். "திட்டறதுக்கு ஒரு வாயும் இல்ல." இல்லை என்றேன். இன்னும் ஒரு வரிசை முடைந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், கீற்றைப் பார்த்தே சொன்னாள்: "அப்ப நான் சண்டைதாங்க போட்டிருக்கேன். வேற ஒண்ணும் செய்யல."

அன்று அவள் வெகுநேரம் பேசினாள். பழைய சோற்றில் உப்புப் போடவில்லை என்று அவர் முகம் சுளித்ததுதான் சண்டையாம். அவ்வளவுக்குத்தான் அந்தச் சொல். செல்லமுத்து எப்படிப்பட்டவர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தர்பூசணியைத் தட்டிப் பார்த்தே உள்ளே எத்தனை சிவப்பு என்று சொல்வாராம். நீச்சல் தெரியாமல் ஆற்றிலேயே பிழைத்தாராம். தூக்கத்தில் மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். சொல்லிக்கொண்டு வரும்போதே இரண்டு தடவை சிரித்தாள். கண்ணாடியை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. அது அவளுடையது.

கிளம்பும்போது பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தாள். அங்கே நின்றபோதுதான் கேட்டாள், அன்றைக்குக் கரையில் நான் ஏன் பொய் சொன்னேன் என்று. பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அது வேண்டும் என்று ஆசையாக இருந்தது, சொன்னால் அவள் வாங்கிக்கொள்வாள் என்று பயந்தேன் என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"கேட்டிருந்தா ரெண்டு பேரும் சேந்தே தோண்டியிருக்கலாமேங்க."

நீ போகிற இடத்து மணல் எங்கள் கொள்ளிடத்து மணலைவிட எவ்வளவோ பெரியது. வரைபடத்தில் அது காலியிடமாகத்தான் இருக்கும். அங்கேயும் யாராவது ஒரு செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, என்ன தோண்டுகிறாய் என்று உன்னைக் கேட்பார்கள். அவர்களுக்குப் புரியாது, நமக்கு நேரமில்லை, மேலிடத்து உத்தரவு என்றெல்லாம் உனக்கு ஆயிரம் காரணம் வாயில் வரும். எல்லாம் நியாயமாகவும் இருக்கும். ஒன்றும் சொல்லாதே. பையைத் திறந்து காட்டு.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன். இதைப்பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். படித்துவிட்டு உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அதையும் எழுது.

உன் அம்மா